கறையக்காவுக்கு வந்த அரிப்பு

என் அக்காவைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத நீளமான கூடம் அது. ஒரு பக்கம் ஆள் நுழைந்து நிற்கலாம் போன்ற துவைக்கும் இயந்திரங்கள். எதிர்ப்பக்கம் படுக்கை விரிப்புகளை ஈரமாக விழுங்கி, சுடச்சுட, சப்பையாகத் துப்பும் உருளை. நடுவில் அவளுடைய மேஜை. மேல்மாடிகளில் தூங்கியவர்கள், குடித்தவர்கள், சண்டை போட்டவர்கள் விட்டுவிட்டுப் போனதெல்லாம் கடைசியில் அந்த மேஜைக்கு வந்து சேரும். ஒயின், இரத்தம், துரு, உதட்டுச்சாயம், பெயர் சொல்ல முடியாத சிலது. "நாலாவது மாடியில புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கறதில்ல போல. ஒரு விரிப்புல ரெண்டு ஓரத்துலதான் கசங்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுப்பாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு தட்டு. அதில் புட்டிகள் வரிசையாக நிற்கும். இடது ஓரத்தில் சோப்புத் தண்ணீர், அடுத்து வினிகர், சோடா மாவு, அப்புறம் மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரவைக்கும் திரவங்கள். வலது ஓரத்துப் புட்டியைக் கையுறை போடாமல் தொடக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே விதி. இடது பக்கமிருந்து தொடங்கு. துணி காய்ந்த பிறகு கறை மறுபடி தெரிந்தால் ஒரு புட்டி வலது பக்கம் போ. மறுபடி வந்தால் இன்னொன்று தள்ளிப் போ.

துணிக்கு அது சரி. துணிக்கு உள்ளே எதுவும் நடப்பதில்லை. கறை வெளியிலிருந்து வந்தது, வெளியேதான் இருக்கிறது. அந்த விதியை அவள் தன் உடம்பின் மேலும் வைத்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு புட்டியாக எடுத்துக் கொடுத்தார்கள். போன மாதம் அவளைப் புதைத்தோம்.

அவளுக்கு வந்தது பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ஒருமுறையாவது வந்துபோகிற சாதாரணப் பூஞ்சைத் தொற்று. அரிப்பு, எரிச்சல், திரிந்த பால்போல வெள்ளைப்படுதல். அதை யாரும் அதன் பெயரால் சொன்னதில்லை. "அங்க" என்பார்கள், "கீழ" என்பார்கள். முதலில் அவள் சொன்னது தன் பக்கத்தில் நின்று துண்டு மடிக்கிற சிநேகிதியிடம். மடிப்பக்கா என்று பெயர் அவளுக்கு. மடிப்பக்கா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள். "இந்த நைலான் கால்சட்டைய நாள் பூரா போட்டா கல்லுக்கும் அரிக்கும்டி."

அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆவியும் வியர்வையும் ஊறிப்போன அந்தச் சீருடையில் யாருக்கும் அரிக்கும். அக்கா பருத்தி உள்ளாடைக்கு மாறினாள். குறையவில்லை. அப்போது கூடத்தில் விஷயம் மெதுவாகப் பரவியது. பரவியதும் அத்தனை பேரும் வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி தயிர் என்றாள், தின்ன அல்ல, தடவ. ஒருத்தி தேங்காய் எண்ணெய். வெந்நீரில் வினிகர் ஊற்றி அதில் உட்காரச் சொன்னவளுக்கு அவளுடைய மாமியார் சொல்லிக்கொடுத்திருந்தாளாம். அக்கா எனக்கு ஃபோன் செய்து சிரித்தாள். "என் மேஜையில இருக்கற எல்லாத்தையும் எனக்கே ஊத்தறாங்கடி. இஸ்திரி ஒண்ணுதான் பாக்கி."

வினிகர் தண்ணீரில் உட்கார்ந்தாள். சில நாள் அடங்கியது. மறுபடி வந்தது. எனவே ஒரு புட்டி வலது பக்கம் போனாள்.

ஹோட்டல் பின்வாசலுக்கு எதிரே ஒரு மருத்துவர் உண்டு. தொழிலாளிகள் எல்லாரும் காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் அவரிடம்தான் போவார்கள். அக்காவும் ஒருமுறை போனாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை. பரிசோதிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. "கல்யாணம் ஆனவங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. சுத்தமா இருங்க" என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். சுத்தமா இருங்க. நாள் முழுக்கக் கொதிநீரிலும் சோப்பிலும் கை ஊறிக் கிடக்கிறவளிடம். அவள் சிரித்துத்தான் சொன்னாள். "என்னைப் பாத்து சுத்தமா இருங்கறான். இந்த ஹோட்டலே என்னாலதான்டி சுத்தமா இருக்கு." சிரித்தாளே தவிர, அந்தச் சொல் அவளுக்குள் இறங்கிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு முறை கழிப்பறை போகும்போதும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கிருமிநாசினி கலந்து கழுவினாள். தோல் வறண்டு வெடித்தது. வெடித்த இடத்தில் வினிகர் பட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். சலவைக்கூடத்தில் அப்படித்தான்.

மாத்திரைக்கு அடங்கியது. ஆனால் மாதம் திரும்புவதற்குள் அரிப்பும் திரும்பியது. அதன் பிறகு மருந்துக்கடைக்காரரே அதே மாத்திரையை எடுத்து நீட்ட ஆரம்பித்தார். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

அத்தான் நீண்டதூர லாரி ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். வந்த ஒரு தடவை, அக்கா விலகிப் படுப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டிருக்கிறார். சொன்னாள். அவர் கேட்டாராம்.

"உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"லாரியில வந்துச்சோ என்னவோ. நீங்கதானே ஓட்டறீங்க."

அவ்வளவுதான். அதோடு ஆளுக்கொரு அறை ஆனது. இது பொதுவாக யாரும் யாருக்கும் கொடுப்பதல்ல என்றும், எல்லாப் பெண்களின் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிற பூஞ்சைதான் சமயம் வாய்த்தால் பெருகுகிறது என்றும் ஒரு மருத்துவர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தக் கட்டில் இரண்டாகப் பிரிந்திருக்காது. சொல்வதற்கு ஆள் இருந்தார். தலை நிமிராமல் இருந்தார்.

இந்த இடத்தில்தான் அத்தானின் தங்கை உள்ளே வருகிறாள். அக்காவின் நாத்தனார். அக்கா வீட்டு மேல்தளத்து அறையில் குடியிருக்கிறவள். கெட்டவள் என்று எழுதிவிட்டால் எனக்கு எவ்வளவோ சுலபம். அக்காவுக்குக் கால்வலி என்றால் தானே மருந்து அரைத்துப் பற்றுப் போடுகிறவள். ஆனால் அவள் ஃபோனில் ஒரு பெண்மணி இருந்தாள். பச்சைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தாலாட்டுப்போலப் பேசும் ஒரு குரல். அதை இயற்கையம்மா என்று கூப்பிடுவார்கள். எந்த நோயும் உடம்பில் சேர்ந்த அழுக்குதான், அழுக்கை அலசி வெளியேற்றினால் போதும் என்பது அந்த அம்மாளின் கட்சி. அலசல் என்ற சொல்லைக் கேட்டதும் என் அக்கா நம்பிவிட்டாள். அது அவளுடைய தொழிலின் சொல்.

காலையில் தேன் கலந்த தண்ணீர். பிறகு பொழுதுக்கும் பழச்சாறு. ராத்திரிக்கு ஒரு பூண்டுப் பல்லை உரித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே அந்த அம்மாள் விற்கும் ஏதோ இலை எண்ணெய், தண்ணீர் கலக்காமல். பூண்டு பட்ட இடம் கொப்பளித்தது. நாத்தனார் அதை இயற்கையம்மாவின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். பதில் வந்தது. பூஞ்சை சாகும்போது அப்படித்தான் எரியும். இன்னும் சில நாளில் தாகம் அதிகமாகும், அடிக்கடி சிறுநீர் போகும், களைப்பாக இருக்கும், உடம்பு மெலியும். பயப்படாதீர்கள், அழுக்கு வெளியே போகிறது. அதெல்லாம் குணமாவதன் அடையாளங்கள்.

அந்தப் பதிலை நான் பிறகு படித்தேன். தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, மெலிவு. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில்கூட இருக்கும், சர்க்கரை நோயின் அறிகுறிகள். ஒவ்வொன்றையும் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குணம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தாள் அந்த மகராசி. உடம்பு கத்தக் கத்த, இவள் பாட்டுப் பாடியிருக்கிறாள். இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை ததும்பிக்கொண்டிருந்தவளுக்குத் தேனும் பழச்சாறும் ஊற்றியிருக்கிறார்கள். பூஞ்சைக்கு அது விருந்து.

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மெலிந்தாள். கூடத்தில் பெண்கள் அவளைச் சுற்றிவந்து பார்த்துப் பாராட்டினார்கள். கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொடுத்தது மடிப்பக்காதான். "பொண்ணு பாக்க வரலாம் போலிருக்குடி" என்று கிண்டல் வேறு. நாத்தனார் பழைய ஃபோட்டோவையும் புதிய ஃபோட்டோவையும் அருகருகே வைத்துக் குழுவில் போட்டாள். கீழே பூவும் கும்பிடுமாகக் குவிந்தது. அரிப்பு மட்டும் போகவில்லை. அதைப் பற்றி அந்தக் குழுவில் யாரும் கேட்கவில்லை.

நான் வேறு ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடுமுறைக்குப் போனபோது அவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெண்கள் மருத்துவமனைக்குப் போவோம் என்றேன். ஒப்புக்கொண்டாள். நேரம் வாங்கினேன். கிளம்புகிற அன்று காலையில் நாத்தனார் படியிறங்கி வந்து நின்றாள். அவர்கள் ரசாயன மாத்திரை கொடுத்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்றாள். அவளோடு நான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டேன். உண்மையான காரணத்தை அப்போதுதான் சொன்னாள்.

"உயரமான மேஜையில படுக்க வெச்சு, காலை விரிச்சு, லைட்டைப் போட்டுப் பாப்பாங்களாம். நான் விரிப்பைப் பாக்கற மாதிரி. எனக்குத் தெரியும்டி, பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு. நானே நினைச்சிருக்கேன்."

"டாக்டர் அப்படி நினைக்கமாட்டாங்க அக்கா."

"ஒருத்தன் நினைச்சானே. சுத்தமா இருங்கன்னானே."

கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. என்னைவிட மெலிந்திருந்தவள், ஆனால் ஈரவிரிப்பு தூக்கிப் பழகிய கை. அன்று அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. செத்தவர்கள்மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். யார்மேல் படுவதாம்.

அடுத்த புட்டி கரப்பான்பூச்சிக்கு வைக்கிற போரிக் பவுடர். அது யாருடைய யோசனை என்று இன்றுவரை தெரியவில்லை. கூடத்தில் கேட்டால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். காலி மாத்திரைக் கூடுகளில் அடைத்து உள்ளே வைத்துக்கொண்டாளாம். பிடிவாதமான சில தொற்றுகளுக்கு மருத்துவர்களே அளவு பார்த்து அதை உள்ளே வைக்கத் தருவதுண்டு என்றும், வாயில் போட்டால் விஷம் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கடைப் பவுடரைக் கைக்கு வந்த அளவில் அடைத்த என் அக்காவுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்.

ஒரு மத்தியானம் மேஜையைப் பிடித்தபடி சரிந்தாள். வாந்தி. ஓடிவந்தவளைப்போல ஆழமாக இழுத்து இழுத்து மூச்சுவிட்டாளாம், ஓடவே இல்லை. துவைத்து அடுக்கியிருந்த துண்டுக் குவியலில் படுக்க வைத்தார்கள். மேலாளர் அக்கா வீட்டுக்கு ஃபோன் செய்ய, நாத்தனார் எடுத்தாள். இது அழுக்கு வெளியேறுகிற உச்சக்கட்டம், தேன் தண்ணீர் கொடுங்கள் என்றாளாம். மடிப்பக்கா அந்த ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு லேசாக நினைவு இருந்தது. அவளைப் பார்த்த மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். எத்தனை காலமாகச் சர்க்கரை நோய் என்று என்னைக் கேட்டார். அவளுக்குச் சர்க்கரையே இல்லையே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார், பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததா என்று. தொற்றுதான் முதலில் கதவைத் தட்டியிருக்கிறது. சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இப்போது இரத்தமே அமிலமாகிவிட்டது, சிறுநீரகம் வரை கிருமி ஏறியிருக்கிறது. எப்போதோ ஒருமுறை வந்துபோனால் வேறு, இப்படி விடாமல் வந்தால் சர்க்கரையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். "விரல்ல ஒரு சொட்டு ரத்தம்மா. அவ்வளவுதான் வேணும்."

அக்கா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வறண்டு ஒட்டிக்கிடந்தது.

"அப்ப அது அழுக்கு இல்லையா, டாக்டர்?"

"இல்லம்மா. அழுக்கே இல்ல."

அக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

வீட்டில் நாற்காலிகள் போட்டிருந்தோம். வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் விஷக்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் மறுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சலவைக்கூடத்துப் பெண்கள் வேலைநேரம் முடிந்து சீருடையோடு வந்தார்கள். அவர்களிடமும் விஷக்காய்ச்சல் ஓடியது. எல்லாம் தெரிந்த மடிப்பக்காவே தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாற்காலிகள் போட்டிருந்த முன்கூடத்துப் பக்கம் போவதைப் பார்த்து, நாத்தனார் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அழுகை நிஜம்தான்.

"நாலு பேர் முன்னாடி அதையெல்லாம் சொல்லி அவ மானத்தை வாங்காதே. போனவ நிம்மதியா போகட்டும்."

"அவ நிம்மதியாவா போனா?"

"நான் அவளுக்கு நல்லதுதான் நினைச்சேன்."

"தெரியும். தள்ளு."

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. வகுப்பில்கூடப் பின்வரிசைப் பிள்ளைகள் கேட்கவில்லை என்று குறை சொல்வார்கள். அன்று முன்கூடத்தின் நடுவில் நின்று, கடைசி நாற்காலி வரை கேட்கிறமாதிரி சொன்னேன். என் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் இல்லை. அவளுக்குப் பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று இருந்தது. குணமாகும், திரும்ப வரும். அப்படி வந்துகொண்டே இருந்தது சர்க்கரை நோய் சொல்லியனுப்பிய செய்தி. டாக்டர் பார்க்கவில்லை. மருந்துக்கடை கேட்கவில்லை. நாம் ஆளுக்கொன்றாகத் தயிரும் வினிகரும் பூண்டும் தேனும் கொடுத்தோம். தயிர் அவளைக் கொல்லவில்லை. தயிர் போதும் என்று உட்கார்ந்திருந்தோமே, அதுதான் கொன்றது.

ஆண்கள் சிலர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். அத்தான் போகவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, அப்படியானால் லாரி இல்லையா, லாரி இல்லையா என்று முனகிக்கொண்டிருந்தார். எங்களுக்கு உறவான ஒரு பெரியவர், படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்றார். படித்ததால்தான் என்றேன். வேறு என்ன சொல்வது.

கிளம்பும்போது மடிப்பக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், தெருவைப் பார்ப்பதுபோல நின்றார்கள். கடைசியில் அவளே சொன்னாள், தனக்கும் ரொம்ப நாளாக இருக்கிறது, இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் வரச் சொன்னேன்.

மூவரும் வந்தார்கள். பெண்கள் மருத்துவமனையின் பதிவு மேஜைக்கு முன்னால் நீளமான பெஞ்சுகள், நிறைய ஆட்கள். மேஜையில் இருந்த பெண், நல்லெண்ணத்தோடுதான், தலையை முன்னால் நீட்டிக் குரலைத் தாழ்த்தி என்ன பிரச்சினை என்று கேட்டாள். மடிப்பக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். உருளை இரைச்சலில் பேசிப் பழகிய குரல் அவளுடையது.

"கீழ அரிக்குது. போயிட்டுப் போயிட்டு வருது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சர்க்கரையும் பாருங்க."

பெஞ்சிலிருந்த தலைகள் நிமிர்ந்தன. ஒரு கிழவர் கையிலிருந்த பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மடிப்பக்கா திரும்பி நின்று வரிசை வரிசையாக எல்லோரையும் பார்த்தாள்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள்.

நர்ஸ் ஊசியோடு வந்து அவளுடைய விரலைப் பிடித்தாள்.